சென்னை அரசு மருத்துவமனைகளில் தாய்-சேய் எச்.ஐ.வி. தடுப்பு சேவை: ஒரு மதிப்பீடு

கர்ப்பிணி ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரியவந்தால், அன்றைய பரிசோதனையிலிருந்து குழந்தைக்கு ஒன்றரை வயதாகும்வரை தேவையான அத்தனையும் சென்னை அரசு மருத்துவமனைகளில் இலவசம். மாத்திரை, ரத்தப் பரிசோதனை, பிரசவம், குழந்தைக்கான சிரப் எதற்கும் கட்டணமில்லை. தனியார் மருத்துவமனையில் எவ்வளவு செலவழித்தாலும் இதைவிட நல்ல மருந்து கிடைத்துவிடாது. தயக்கமில்லாமல் பரிந்துரைக்கலாம்.

ஆனால் இது ஒரே கூரையின் கீழ் நடக்கும் சேவை அல்ல. கர்ப்பிணிகள் புறநோயாளிப் பிரிவு, பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையம், எச்.ஐ.வி.யை அடக்கும் கூட்டு மருந்து தரும் ஏஆர்டி மையம், பிரசவ வார்டு, குழந்தைகள் பிரிவு என்று ஐந்து இடங்கள். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் தன் வேலையை நன்றாகவே செய்கிறது. ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்துக்குப் போகும்போதுதான் தவறுகிறது: ஒரு சீட்டு வந்து சேரவில்லை, ஒரு பரிசோதனையின் தேதி கடந்துவிட்டது, இரவுப் பணியில் இருந்தவருக்குத் தகவல் தெரியவில்லை. எந்த இடத்தில் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று தெரிந்துவைத்திருந்தால் இந்தச் சேவை முழுப் பலனைத் தரும். அதனால் இந்த மதிப்பீட்டில் பாராட்டைவிட அந்த விவரங்களே அதிகம்.

முதலில் எவ்வளவு பலன் என்பதைப் பார்ப்போம். சிகிச்சையே இல்லாவிட்டால் கர்ப்பம், பிரசவம், தாய்ப்பால் ஆகிய மூன்று வழிகளிலும் சேர்த்து நூற்றுக்கு 15 முதல் 45 குழந்தைகளுக்குத் தொற்று பரவக்கூடும். அதிலும் பிரசவத்தை ஒட்டிய நேரம்தான் மிக ஆபத்தானது. தாய் கூட்டு மருந்தை ஒழுங்காக எடுத்து, குழந்தையும் தடுப்பு சிரப்பை முடித்தால், தாய்ப்பால் கொடுத்தாலும் இது நூற்றுக்கு 5-க்குக் கீழே இறங்குகிறது. கருத்தரிக்கும் முன்பே மருந்தில் இருந்து, வைரஸ் அடங்கிய நிலையிலேயே கர்ப்பகாலம் முழுவதையும் கடக்கும் தாய்க்கு, கர்ப்பத்திலும் பிரசவத்திலும் பரவும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றைவிடக் குறைவு.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-ல், இதே சென்னையில், மருத்துவர் சுனிதி சாலமன் வழிகாட்டலில் மருத்துவர் நிர்மலா செய்த ஆய்வில். நாட்டில் இலவசக் கூட்டு மருந்து 2004 ஏப்ரல் 1 அன்று தொடங்கியபோது, முதல் மையங்களில் ஒன்றாகத் தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை இருந்தது. கர்ப்பிணிகளுக்கு அப்போது பிரசவ நேரத்தில் ஒரே ஒரு நெவிராபின் மாத்திரை கொடுப்பதுதான் நடைமுறை. 2014 முதல் அந்த முறை போய், சிடி4 (நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை) அளவு எதுவாக இருந்தாலும் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் வாழ்நாள் சிகிச்சை என்று மாறியது. "அந்தக் காலத்தில் ஒரு மாத்திரைதானே கொடுத்தார்கள்" என்று சொல்லும் உறவினர் இன்னும் பல வீடுகளில் உண்டு. அந்த ஆலோசனையைக் கேட்கக் கூடாது.

பரிசோதனையும் முதல் நாளும்

மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போதே விரல் நுனியில் குத்தி எச்.ஐ.வி., சிஃபிலிஸ் இரண்டையும் பார்த்துவிடுகிறார்கள். சேவையின் மிக வலுவான பகுதி இதுதான். பன்னிரண்டு வாரத்துக்குள் பதிவு செய்தால் சிகிச்சைக்கு ஆறு மாதத்துக்கும் மேல் கிடைக்கும். வைரஸ் அடங்க அது தாராளம்.

விரல் நுனிப் பரிசோதனையில் 'ரியாக்டிவ்' என்று வந்தால் அது இறுதி முடிவு அல்ல. நம்பிக்கை மையத்தில் நரம்பில் ரத்தம் எடுத்து, வெவ்வேறு தயாரிப்பான மூன்று கிட்களில் பார்த்து, மூன்றிலும் ஒரே முடிவு வந்த பிறகே 'பாசிட்டிவ்' என்று எழுதுவார்கள். கர்ப்பகாலத்தில் ஒற்றைக் கிட்டில் பொய்யான பாசிட்டிவ் வருவதுண்டு. தனியார் லேப் ஒன்றில் வந்த ஒரே முடிவை வைத்துக்கொண்டு கலங்கிப்போய் வருபவர்கள் அந்தச் சீட்டோடு நேராக நம்பிக்கை மையத்துக்குப் போய் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இந்தக் கட்டத்தில் பலர் விட்டுவிடுவது கணவரின் பரிசோதனை. மனைவிக்கு முதல் மூன்று மாதத்தில் 'நெகட்டிவ்' வந்துவிட்டால் கணவரை யாரும் அழைப்பதில்லை. கர்ப்பத்தின் நடுவிலோ பாலூட்டும் காலத்திலோ புதிதாகத் தொற்றினால், அந்தச் சில வாரங்களில் ரத்தத்தில் வைரஸ் மிக அதிகமாக இருக்கும். குழந்தைக்குப் பரவும் ஆபத்தும் அப்போதுதான் உச்சம். கணவருக்குத் தொற்று இருந்தாலோ, அவரது நிலை தெரியாவிட்டாலோ, கடைசி மூன்று மாதத்தில் மறுபடியும் பரிசோதனை வேண்டும் என்று கர்ப்பிணியே கேட்கலாம். கேட்டால் செய்துவிடுவார்கள்.

உறுதியான பின் ஏஆர்டி மையம். ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், தாம்பரம் என்று நகரின் நாலா பக்கமும் மையங்கள் இருக்கின்றன. வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதைவிட, மாதந்தோறும் யார் கண்ணிலும் படாமல் சிரமமில்லாமல் போய்வர முடிகிற மையமே பலருக்கு வசதி. சென்ட்ரல் எதிரே இருக்கும் பொது மருத்துவமனைக்கு ரயிலிலும் மெட்ரோவிலும் போகலாம். தாம்பரத்துக்கு சானடோரியம் ரயில் நிலையம் பக்கத்திலேயே. எந்த மையத்தில் பதிந்தாலும் மருந்து ஒன்றுதான். பின்னால் மாற்றிக்கொள்ளவும் முடியும்.

முதல் நாள் சிடி4, ஹீமோகுளோபின், கிரியேட்டினின், கல்லீரல் பரிசோதனை, மஞ்சள்காமாலை பி, சிஃபிலிஸ் எல்லாவற்றுக்கும் ரத்தம் எடுப்பார்கள். இருமல், காய்ச்சல், எடைக் குறைவு, இரவு வியர்வை உண்டா என்று காசநோய்க்கான கேள்விகளும் இருக்கும். கர்ப்பிணிக்கு சிடி4 முடிவு வரும்வரை மருந்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. "ரிப்போர்ட் வரட்டும், அடுத்த வாரம் வாங்க" என்று யாராவது சொன்னால், கர்ப்பம் எத்தனை வாரம் என்பதைச் சொல்லி அன்றே தொடங்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இருபத்தெட்டு வாரம் தாண்டி வந்தவருக்கு ஒவ்வொரு வாரமும் முக்கியம். மஞ்சள்காமாலை பி இருந்தால் அதையும் கவனமாகக் குறித்துக்கொள்ளுங்கள். தாய் எடுக்கும் மாத்திரை அந்த வைரஸையும் கட்டுப்படுத்தும். ஆனாலும் பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்குத் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் ஊசியும் வேண்டும்.

சிஃபிலிஸ் இருந்தால் பென்சிலின் ஊசி பிரசவத்துக்கு முப்பது நாளாவது முந்திப் போட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் குழந்தைக்குத் தனியாகச் சிகிச்சை தேவைப்படும்.

மாத்திரை: கால்சியமும் இரும்பும் செய்யும் இடைஞ்சல்

இப்போது தருவது டி.எல்.டி. டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் மூன்றும் ஒரே மாத்திரையில். நாளுக்கு ஒன்று. பழைய எஃபாவிரென்ஸ் கூட்டில் இருந்த தலைச்சுற்றல், கெட்ட கனவு எல்லாம் இதில் மிகக் குறைவு. வைரஸையும் அதைவிட வேகமாக அடக்குகிறது. தாமதமாக வரும் கர்ப்பிணிக்கு இந்த வேகம் பெரிய வரம். டோலுடெக்ராவிரால் குழந்தையின் தண்டுவடத்தில் குறை வரலாம் என்று 2018-ல் போட்ஸ்வானாவிலிருந்து வந்த எச்சரிக்கை இன்னும் சிலர் காதில் ஒலிக்கிறது. அதே ஆய்வு தொடர்ந்து நடந்து, ஆயிரக்கணக்கான பிரசவங்களைச் சேர்த்துப் பார்த்தபோது அந்த அச்சம் நிலைக்கவில்லை. கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் இதைத் தொடங்கலாம்.

இந்த மாத்திரையின் ஒரே பெரிய எதிரி கர்ப்பிணிக்குத் தரப்படும் மற்ற மாத்திரைகள்தான். சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியமும் கொடுக்கிறார்கள். நெஞ்செரிச்சலுக்கு ஜெலுசில் போன்ற மருந்து வேறு. இரும்பு, கால்சியம், அலுமினியம், மக்னீசியம் நான்கும் வயிற்றில் டோலுடெக்ராவிரைப் பிடித்துக்கொண்டு ரத்தத்தில் சேரவிடாது. மாத்திரையை ஒரு நாளும் தவறாமல் போட்டும் வைரல் லோட் (ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு) இறங்காத கர்ப்பிணிகளிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "இரும்பு மாத்திரையை எத்தனை மணிக்குப் போடுகிறீர்கள்?" என்பதுதான். சுகாதார நிலையத்துக்கு ஏஆர்டி மாத்திரை பற்றித் தெரியாது. ஏஆர்டி மையமோ இரும்பு மாத்திரையைத் தருவதில்லை. இருவருமே நேரத்தைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

விதி எளிது. டி.எல்.டி. போட்ட இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு மற்றவை, அல்லது மற்றவற்றைப் போட்டு ஆறு மணி நேரம் கழித்து டி.எல்.டி. வீட்டு நடைமுறைக்கு ஒத்துவரும் ஏற்பாடு ஒன்று: காலை எட்டு மணிக்கு இட்லி, தோசைக்குப் பின் கால்சியம். பதினோரு மணிக்கு இரும்பு மாத்திரை, எலுமிச்சைச் சாற்றோடு என்றால் இன்னும் நல்லது. மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒன்றரை மணிக்கு இரண்டாவது கால்சியம். இரவு ஒன்பது மணிக்கு டி.எல்.டி. கால்சியமும் இரும்பும் ஒன்றையொன்று தடுக்கும் என்பதால் இந்த இடைவெளி அதற்கும் உதவும். எல்லாவற்றையும் ஒரே வேளையில் போட்டே ஆக வேண்டிய கட்டாயம் என்றால், இரும்பு, கால்சியம் மாத்திரைகளையும் டி.எல்.டி.யையும் வயிறு நிறையச் சாப்பிடும் சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டால் பாதிப்பு குறையும். வெறும் வயிற்றில் சேர்த்துப் போடவே கூடாது. ஜெலுசிலுக்கு இந்தச் சலுகை இல்லை, அதற்கு மணிக்கணக்குதான்.

கர்ப்பகாலச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எழுதும் மருத்துவரிடமும் டி.எல்.டி. எடுப்பதைச் சொல்லியாக வேண்டும். டோலுடெக்ராவிர் ரத்தத்தில் மெட்ஃபார்மின் அளவை ஏற்றிவிடும், எனவே நாளுக்கு 1000 மில்லிகிராமைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வார்கள். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவருக்கு நேர்மாறு. அது ரத்தத்தில் டோலுடெக்ராவிர் அளவைக் குறைத்துவிடும் என்பதால், டி.எல்.டி. போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து 50 மில்லிகிராம் டோலுடெக்ராவிர் தனி மாத்திரை ஒன்று கூடுதலாகத் தேவை.

மசக்கையில் மாத்திரையை வாந்தியெடுத்தால்? போட்ட அரை மணி நேரத்துக்குள் என்றால் மறுபடி ஒன்று. மறந்துவிட்டால் நினைவு வந்ததும் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம். விரதம், நோன்பு நாட்களிலும் நிறுத்தக் கூடாது. இரவு மாத்திரை என்பதால் பெரும்பாலும் இடிக்காது.

32-வது வாரமும் வளைகாப்பும்

சேவையின் மொத்தத் திட்டமும் ஒரு பரிசோதனையைச் சுற்றி அமைந்திருக்கிறது. 32 முதல் 36 வாரத்துக்குள் எடுக்கும் வைரல் லோட் அது. ஒரு மில்லி லிட்டர் ரத்தத்தில் 1000 வைரஸ் பிரதிகளுக்குக் கீழே என்றால் குழந்தை குறைந்த ஆபத்துப் பிரிவில் வரும். அதற்கு மேல் என்றால் அதிக ஆபத்து. பலருக்குத் தெரியாத விஷயம், பரிசோதனையே எடுக்காவிட்டாலும் குழந்தையை அதிக ஆபத்துப் பிரிவில்தான் சேர்ப்பார்கள். தாயின் வைரஸ் முழுதாக அடங்கியிருந்தாலும், தாளில் அது இல்லாத காரணத்தால் குழந்தைக்கு ஒரு மருந்துக்கு இரண்டு மருந்து.

நம் வீடுகளில் ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். 32-வது வாரம் சரியாக அந்தச் சமயத்தில் விழும். சென்னை மையத்தில் பதிந்தவர் திருவண்ணாமலையிலோ விழுப்புரத்திலோ இருப்பார். பரிசோதனை அங்கேயும் நடக்காது, இங்கேயும் நடக்காது. இதற்கு வழி இருக்கிறது. வளைகாப்புத் தேதி குறித்த உடனே ஏஆர்டி மைய ஆலோசகரிடம் சொல்லிவிடுங்கள். ஊரில் எந்த ஏஆர்டி மையம், அல்லது அதன் கீழ் மாத்திரை தரும் இணைப்பு மையம், பக்கம் என்று பார்த்து மாற்றுக் கடிதம் தருவார்கள். பயணத்துக்குத் தேவையான மாத்திரையையும் சேர்த்துத் தருவார்கள். முடிந்தால் கிளம்பும் முன்பே வைரல் லோட்டுக்கு ரத்தம் கொடுத்துவிட்டு, முடிவை எந்த மையத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதையும் எழுதிவைக்கச் சொல்லுங்கள். வளைகாப்பைத் தள்ளிவைக்கச் சொல்லவில்லை, ரத்தம் கொடுக்கும் நாளை முந்திவைக்கத்தான் சொல்கிறோம்.

வைரல் லோட் 1000-க்கு மேல் வந்தால் பதற வேண்டாம். மாத்திரை தவறுகிறதா, இரும்பு மாத்திரை இடிக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்து மறுபடி எடுப்பார்கள். பிரசவத்துக்கு முன் அளவு இறங்க இன்னும் நேரம் இருக்கும் என்பதற்காகவே 32-ஐத் தேர்ந்திருக்கிறார்கள்.

பிரசவ வார்டு

எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை, திருவல்லிக்கேணி கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை, ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். போன்ற பெரிய இடங்களில் பிரசவம் பார்ப்பது அன்றாட வேலை. எச்.ஐ.வி. இருப்பதாலேயே சிசேரியன் என்பது தேசிய வழிகாட்டுதலில் இல்லை. மகப்பேறு காரணம் இருந்தால் மட்டுமே. பனிக்குடத்தை அவசியமில்லாமல் முன்கூட்டி உடைக்காமல் இருப்பது, தேவையின்றித் தையல் வெட்டு போடாமல் இருப்பது, ஆயுதம் வைத்து இழுப்பதைக் கூடியவரை தவிர்ப்பது, தொப்புள்கொடியைப் பிழியாமல் இருப்பது இவைதான் கூடுதல் கவனம். குழந்தைக்குத் தாயின் ரத்தத்தோடு தொடர்பு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

பிரசவம் இரவில் வந்தால் ஏஆர்டி மையம் பூட்டியிருக்கும். அதனால் மையத்தின் பதிவுப் புத்தகம், கடைசி வைரல் லோட் சீட்டு, அன்றாட மாத்திரை மூன்றும் முப்பத்தாறாவது வாரத்திலிருந்தே பிரசவப் பையில் இருக்கட்டும். வலி எடுத்தாலும் அன்றைய மாத்திரையை நிறுத்தக் கூடாது. இரண்டாம் கட்டச் சிகிச்சையில், அதாவது ரிட்டோனாவிர் சேர்ந்த கூட்டில் இருப்பவர்கள் ஒன்றை வாய்விட்டே சொல்ல வேண்டும். பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கை நிறுத்தப் போடும் மெத்தில் எர்கோமெட்ரின் ஊசி அதோடு சேரும்போது ரத்தக் குழாய்களை ஆபத்தான அளவுக்குச் சுருக்கிவிடும். ஆக்சிடோசின் போடலாம், தடையில்லை.

எந்தப் பதிவும் இல்லாமல் வலியோடு வருபவருக்கு அங்கேயே பரிசோதனை செய்து, ரியாக்டிவ் என்றால் உடனே டி.எல்.டி. தொடங்கி, குழந்தைக்கு இரட்டை மருந்து தருகிறார்கள். கடைசி நிமிடத்தில் வந்தாலும் பலன் உண்டு.

சிரப்: மில்லிகிராமா, மில்லி லிட்டரா?

குறைந்த ஆபத்துக் குழந்தைக்கு நெவிராபின் சிரப் மட்டும், பிறந்ததிலிருந்து ஆறு வாரம், நாளுக்கு ஒரு வேளை. அதிக ஆபத்து என்றால் நெவிராபினோடு ஜிடோவுடின் சிரப்பும் இரு வேளை. தாய்ப்பால் என்றால் பன்னிரண்டு வாரம், பால்பவுடர் மட்டும் என்றால் ஆறு வாரம். தாய்க்கு எச்.ஐ.வி.-2 வகை இருந்தால் நெவிராபின் வேலை செய்யாது, அங்கே ஜிடோவுடின்தான். தாயின் சீட்டில் எந்த வகை என்று எழுதியிருக்கும், அதைப் பிரசவ வார்டில் காட்டுங்கள்.

நெவிராபின் அளவு பிறந்த எடையைப் பொறுத்தது. இரண்டரை கிலோவுக்கு மேல் 15 மில்லிகிராம், இரண்டு முதல் இரண்டரை கிலோவுக்கு 10 மில்லிகிராம், அதற்கும் கீழே என்றால் கிலோவுக்கு 2 மில்லிகிராம். சிரப்பில் ஒரு மில்லி லிட்டரில் 10 மில்லிகிராம் மருந்து. ஆக 15 மில்லிகிராம் என்பது ஒன்றரை மில்லி லிட்டர். சீட்டில் '15' என்று மட்டும் எழுதியிருந்தால் வீட்டில் அதைப் பதினைந்து மில்லி என்று படித்துவிடும் அபாயம் இருக்கிறது. அது பத்து மடங்கு. டிஸ்சார்ஜ் ஆகும் முன் செவிலியரிடம் ஊசியில்லாத சிரிஞ்சில் எந்தக் கோடுவரை என்று பேனாவால் குறித்து வாங்குங்கள். செவிலியர் கண்முன்னே ஒரு வேளையைத் தாயோ பாட்டியோ கொடுத்துப் பார்ப்பது இன்னும் நல்லது. பாட்டிலை மெதுவாகக் குலுக்கி, கன்னத்தின் உட்புறம் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். முதல் வேளையை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் பிரசவ வார்டிலேயே கொடுத்துவிட வேண்டும். பாட்டிலும் சிரிஞ்சும் கையில் வராமல் வீடு திரும்ப வேண்டாம்.

பால்

ஆலோசகர்களின் திறமை இங்கேதான் வெளிப்படுகிறது. இங்கேதான் அது ஆளுக்கு ஆள் மாறுகிறது. தேசிய வழிகாட்டுதல் தெளிவாகத்தான் இருக்கிறது: தாய் மருந்தில் இருந்தால் முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். குழந்தைக்குத் தொற்று இல்லை என்றால் ஒரு வயதுவரை இணை உணவோடு தொடரலாம். தாய்ப்பால் வேண்டாம் என்று தாய் முடிவெடுத்தால், ஆறு மாதமும் பால்பவுடர் மட்டும். அதற்குக் கொதித்து ஆறிய நீர், எரிபொருள், மாதாமாதம் வாங்கப் பணம் எல்லாம் தடையில்லாமல் வேண்டும். புட்டியைவிடப் பாலாடை பாதுகாப்பானது.

இரண்டையும் கலந்து கொடுப்பதுதான் மிக மோசம். வேற்றுப் பொருள் குழந்தையின் மெல்லிய குடல் சுவரைப் புண்ணாக்கும், தாய்ப்பாலில் எஞ்சியிருக்கும் வைரஸ் அந்த வழியே உள்ளே போகும். நம் வழக்கத்தில் இந்த ஆபத்து 'பவுடர் பால்' என்ற பெயரில் மட்டும் வராது. சேனை வைப்பது, சர்க்கரைத் தண்ணீர், வசம்பு, கிரைப் வாட்டர், தெருவில் ஓட்டிவந்து கறந்து தரும் கழுதைப்பால் எல்லாமே கலப்புதான். ஆலோசனையின்போது தாயைத் தனியே உட்காரவைத்துச் சொல்லும் மையங்கள், வீட்டில் குழந்தையைக் குளிப்பாட்டப்போகும் பாட்டியிடம் இதைச் சொல்வதில்லை. நோயைப் பற்றிப் பாட்டிக்குத் தெரியாத வீடுகளில், "ஆறு மாசம் பால் தவிர எதுவும் கொடுக்கக் கூடாதுன்னு டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கார்" என்ற ஒரு வரி போதும். அது எல்லாக் குழந்தைக்கும் பொருந்தும் அறிவுரை என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. மருத்துவர் எழுதித்தரும் சிரப், சொட்டு மருந்து இவை கலப்பில் சேராது.

முலைக்காம்பில் வெடிப்போ சீழோ இருந்தால் அந்தப் பக்கத்துப் பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு, மறுபக்கம் கொடுத்தபடி உடனே சிகிச்சை எடுங்கள். நிறுத்தும்போதும் ஒரே நாளில் நிறுத்தாமல் ஒரு மாத காலத்தில் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

ஆறாவது வாரத்திலிருந்து பதினெட்டாவது மாதம்வரை

இந்தச் சேவையில் மிகப் பலவீனமான பகுதி இதுதான் என்பது என் உறுதியான கருத்து. பிரசவம் முடிந்து குழந்தை நன்றாக இருப்பதைப் பார்த்ததும் வீடுகளில் நிம்மதி வந்துவிடுகிறது. மையத்திலிருந்து வரும் தொலைபேசி அழைப்பு எண் மாறிப்போனதால் போய்ச் சேருவதில்லை. தாய்வீடு, மாமியார் வீடு என்று இடம் மாறும் காலமும் இதுவே.

ஆறாவது வாரம் பென்டாவேலன்ட் முதல் தடுப்பூசிக்குப் போகும் அன்றே, குழந்தையின் குதிகாலில் குத்தி உலர் ரத்தப் புள்ளிச் சோதனைக்கு மாதிரி எடுத்துவிடலாம். சாதாரணக் கிட் இந்த வயதில் பயன்படாது, ஏனென்றால் தாயின் எதிர்ப்பொருள் குழந்தையின் ரத்தத்தில் பதினெட்டு மாதம்வரைகூட இருக்கும். எனவே வைரஸின் மரபணுவையே தேடும் பி.சி.ஆர். சோதனை. தனி அட்டையில் உள்ள வட்டங்கள் ஒவ்வொன்றையும் ஒரே பெரிய சொட்டால் நிரப்ப வேண்டும். சிறு சொட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தாலோ, குதிகாலை அழுத்திப் பிழிந்தாலோ மாதிரி நிராகரிக்கப்படும். அட்டை வெயில் படாமல் படுக்கைவாட்டில் குறைந்தது நான்கு மணி நேரம் உலர்ந்த பிறகே உறையில் போக வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழை ஈரத்தில் சென்னையில் அது போதாது. இரவு முழுக்க விடுவது நல்லது. மறுபடி மாதிரி கேட்டு அழைத்தால் குழந்தைக்கு நோய் என்று அர்த்தமல்ல. அட்டை சரியில்லை என்பதாகவும் இருக்கலாம்.

ஆறாவது வாரத்திலேயே கோட்ரைமாக்சசோல் சிரப்பும் தொடங்கும், நிமோனியா போன்ற தொற்றுகளைத் தடுக்க. முதல் முடிவு 'நெகட்டிவ்' என்றாலும் ஆறாவது மாதம், பன்னிரண்டாவது மாதம், பதினெட்டாவது மாதம் பரிசோதனைகள் உண்டு. தாய்ப்பால் தொடரும்வரை ஆபத்தும் தொடர்வதால், கடைசிப் பரிசோதனை பதினெட்டு மாதத்திலோ, பால் நிறுத்தி மூன்று மாதம் கழித்தோ, இரண்டில் எது பிந்தியதோ அப்போதுதான். முதல் முடிவு 'பாசிட்டிவ்' என்று வந்தால் இரண்டாவது மாதிரியை அனுப்பிவிட்டு, அதன் முடிவுக்குக் காத்திராமல் குழந்தைக்குச் சிகிச்சையைத் தொடங்கிவிட வேண்டும். சிகிச்சை இல்லாத கைக்குழந்தைக்கு முதல் வருடம் மிக ஆபத்தானது.

தனியாரும் ரகசியமும்

தனியாரில் பிரசவம் பார்த்துக்கொள்ள விரும்புபவர்களும் மாத்திரையை அரசு மையத்திலேயே இலவசமாக வாங்கலாம். தனியார் மகப்பேறு மருத்துவர் நல்லவராக இருந்தால் இந்தக் கலவை நன்றாகவே நடக்கும். ஆனால் நெவிராபின் சிரப் எங்கே கிடைக்கும், ஆறாவது வாரச் சோதனை எங்கே என்பதைப் பிரசவத்துக்கு முன்பே நம்பிக்கை மையத்தில் பேசிவைக்க வேண்டும். சில இடங்களில் 'சிறப்புக் கிட்' என்று பெரிய தொகையை பில்லில் சேர்ப்பதும், கடைசி வாரத்தில் "எங்களிடம் வசதியில்லை" என்று அனுப்பிவிடுவதும் உண்டு. கையுறை, கவசம் எல்லாம் எல்லா நோயாளிக்கும் பின்பற்ற வேண்டிய பொது நடைமுறை.

2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், 2017, சிகிச்சை மறுப்பதைத் தடை செய்கிறது. ஒப்புதல் இல்லாமல் பரிசோதிப்பதும், ஒருவரின் நிலையை மற்றவருக்கு வெளியிடுவதும் சட்டவிரோதம். படுக்கையில், கோப்பின் அட்டையில், எல்லோரும் பார்க்கும்படி எழுதிவைப்பதும் இதில் அடங்கும். கணவரிடம் சொல்வதற்குக்கூட விதி இருக்கிறது: சொன்னால் அந்தப் பெண்ணுக்கு அடி, உதை, வீட்டைவிட்டுத் துரத்தல் நேரலாம் என்ற நியாயமான அச்சம் இருந்தால் மருத்துவர் சொல்லக் கூடாது. இந்தப் பயம் இருப்பவர் அதை ஆலோசகரிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் மருத்துவமனை ஒவ்வொன்றிலும் புகார் அலுவலர் ஒருவர் இருந்தாக வேண்டும். அங்கே தீராவிட்டால் மாநில ஆம்பட்ஸ்மேனிடம் (குறைதீர் அதிகாரி) போகலாம். எந்த மையம், என்ன நேரம், சிரப் தீர்ந்துவிட்டது, மாற்றுக் கடிதம் தர மறுக்கிறார்கள் போன்ற கேள்விகளுக்கு 1097 என்ற கட்டணமில்லா எண். பெயர் சொல்ல வேண்டியதில்லை, தமிழிலேயே பேசலாம்.